ஈர நெற்றி

இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிக்கப்படுவது யாதெனில், ஜீடிமெட்லா தொழிற்பேட்டையின் வடகோடியில் இருக்கும் ஒரு மாத்திரை ஆலையில் காய்ச்சல் என்பது அடியோடு ஒழிக்கப்பட்டுவிட்டது. சளிக் காய்ச்சல், விஷக் காய்ச்சல், பெயர் தெரியாத காய்ச்சல் எதுவும் அதன் வாசலைத் தாண்டி உள்ளே போவதில்லை. இந்த மகத்தான செய்தி ஆங்கிலம், தெலுங்கு, இந்தி என்று மூன்று மொழிகளில் எழுதப்பட்டு வாயிலுக்கு நேரே பலகையாக நின்றது. காய்ச்சலின்றிக் கழிந்த நாட்களைத் தகர எண்களாக அதன் கீழே தொங்கவிட்டிருந்தார்கள். எண் மாற்றும் வேலையைப் பாதுகாப்பு அதிகாரி சீதாராமன் வேறு யாரிடமும் விடுவதில்லை. அவர் ராணுவத் தளவாட நிறுவனம் ஒன்றில் உழைத்து ஓய்வு பெற்று, அல்வாலில் வீடு கட்டி, கட்டிய வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாமல் இங்கே வந்து சேர்ந்தவர். கொடியேற்றுகிறவரைப் போல விறைத்து நின்று பழைய எண்ணைக் கழற்றுவார், புதியதை மாட்டுவார், ஓரடி பின்வாங்கிப் பார்ப்பார்.

பலகைக்குப் பக்கத்தில் ஒரு குழாய் இருந்தது. இரண்டாம் ஷிப்டுப் பெண்கள் அங்கே வரிசையாக நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

அழகுக்காகக் கழுவவில்லை. வாயிலில் யாதகிரி என்ற காவலாளி துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை வைத்துக்கொண்டு நின்றான். நெற்றிக்கு நேரே நீட்டி விசையை அழுத்தினால் பச்சை எரியும், அல்லது சிவப்பு எரியும். கொரோனாக் காலத்தில் வாங்கியது. மற்ற ஆலைகள் அதை அலமாரியில் போட்டுவிட்ட பிறகும் சீதாராமன் விடவில்லை. மெயின் ரோட்டில் பஸ் இறங்கி வெயிலில் நடந்து வருகிறவர்களின் நெற்றி தோசைக்கல்லாய்க் காய்ந்திருக்கும். ஆரம்பத்தில் நல்ல உடம்புக்காரிகளுக்கெல்லாம் சிவப்பு எரிந்தது. சிவப்பு எரிந்தால் அன்றைக்கு வேலை இல்லை. அடிக்கடி எரிந்தால் காண்டிராக்டர் பாஸைப் பிடுங்கிக்கொள்வார். யாதகிரிதான் வழி சொன்னான்: "மூ தோகே ஆவ் அம்மா." முகத்தைக் கழுவிக்கொண்டு வா. ஈர நெற்றிக்கு எப்போதும் பச்சைதான். அன்றுமுதல் அந்த ஆலையில் காய்ச்சல் ஒழிந்தது.

பாமா இரண்டு கையிலும் தண்ணீரை ஏந்தி நெற்றியில் அடித்துக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"என்னடி, இந்த வெயில்ல உனக்கு பல்லு கடகடன்னு அடிக்குது?" என்றாள் பின்னால் நின்ற சுஷ்மா. லாலாகுடாவில் பாமாவின் வீட்டுக்கு அடுத்த சந்து அவளுக்கு.

"தண்ணி ஜில்லுன்னு இருக்கு."

"ஜில்லா? மொட்டை மாடி டேங்க் தண்ணி, கை வெச்சா சுடுது. பொய் சொல்றதுன்னாலும் ஒரு அளவா சொல்லு." சுஷ்மா அவள் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்துச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். "நேத்து நல்லாத்தானே இருந்தே?"

"நேத்து நல்லாத்தான் இருந்தேன். முந்தாநேத்து இப்படித்தான் இருந்துச்சு. அதுவும் ஷிப்ட் போட்டுக்கிட்டு வருது."

"வீட்டுக்குப் போயிடு."

"நக்கோ, வேணாம். இந்த மாசம் ஏற்கனவே ஒரு தடவை சிவப்பு எரிஞ்சிருக்கு."

பாமாவுக்கு ஆறாம் மாதம். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை. தொளதொளவென்ற நீல அங்கிக்குள் வயிறு இன்னும் அடங்கியிருந்தது. அது அடங்காத நாளில் காண்டிராக்டர் தானே பாஸைக் கேட்டு வாங்கிக்கொள்வார் என்பது எல்லாப் பெண்களுக்கும் தெரியும். பாஸ் போனால் வேலையோடு கிடைத்த இலவச ஆஸ்பத்திரிக் கார்டும் போகும். எட்டாம் மாதம் வரைக்கும் ஓட்டிவிட்டால் பிரசவத்தைக் கார்டிலேயே முடித்துவிடலாம் என்று கணவன் வாசுவும் அவளும் கணக்குப் போட்டிருந்தார்கள்.

"அப்போ தண்ணி பத்தாது," என்றாள் சுஷ்மா. டீக்கடைக்கு ஓடி, ஐஸ் பெட்டியில் கிடந்த மோர் பாக்கெட் ஒன்றை வாங்கி வந்து பாமாவின் நெற்றியில் வைத்து அழுத்தினாள். "பிடி. வரிசை நகரட்டும். முன்னாடி போனதும் எடுத்துடு."

யாதகிரி கருவியை நீட்டினான். பச்சை எரிந்தது. அவன் பாமாவின் உதட்டைப் பார்த்தான். அது வெளுத்து நடுங்கிக்கொண்டிருந்தது. பிறகு பலகையைப் பார்த்தான்.

"நார்மல். போ அம்மா."

உள்ளே வயிற்றெரிச்சல் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்கும் வேலை. பெல்ட் நிற்காது. பாமா பாராசிட்டமால் ஒன்றைப் போட்டுக்கொண்டு நின்றாள். குளிர் போய் அனல் வந்தது, அனல் போய் வியர்த்துக் கொட்டியது. அங்கி முதுகோடு ஒட்டிக்கொண்டது. இருட்டுகிற நேரத்தில் சாப்பாட்டு மணி அடித்தார்கள்.

சாப்பிடுவதற்கென்று இடம் கிடையாது. வளாகத்தின் பின்பக்கம் 'ஆரோக்கிய மையம்' என்ற கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் ஓரத்தில் அடுக்கியிருந்த சிமென்ட் கற்களின்மேல் உட்கார்ந்துதான் டப்பாவைத் திறப்பார்கள். புதிதாகப் போட்ட தளம் இறுகுவதற்காக ஓரங்களில் மண்ணால் வரப்புக் கட்டித் தளத்தின்மேல் தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள். ஒரு கையால் சோற்றைப் பிசைந்து, மறு கையால் கணுக்காலை அடித்துக்கொண்டே சாப்பிட வேண்டும். மேற்பார்வைக்கு அந்தப் பக்கம் வந்த சீதாராமனிடம் சுஷ்மா ஒருநாள் சொல்லிப் பார்த்தாள்.

"சார், அந்தத் தண்ணியில கொசு பயங்கரமா இருக்கு."

சீதாராமனுக்குத் தமிழில் யாராவது பேசினால் பிடிக்கும். அவர் நின்று, நிதானமாக விளக்கினார். "அது போர்வெல் தண்ணிம்மா. கண்ணாடி மாதிரி இருக்கு பாரு. கொசு சாக்கடையிலதான் உற்பத்தி ஆகும். உங்க ஏரியாவுல, வீட்டாண்டை சுத்தமா வெச்சுக்கணும். முதல்ல அதைப் பாருங்கோ." போகிற போக்கில் திரும்பி, "மையம் மட்டும் முடியட்டும், உங்களுக்கெல்லாம் மாசாமாசம் செக்கப்தான்," என்றார். மனப்பூர்வமாகத்தான் சொன்னார்.

வாசுவின் அக்கா மங்களம் லாலாகுடாவில் அவர்களோடுதான் இருந்தாள். ரயில்வே பட்டறையில் தனிக்கட்டையாய் இருக்கும் தொழிலாளிகளுக்கு மத்தியானச் சாப்பாடு கட்டிக் கொடுப்பாள். இரண்டு நாள் கழித்துக் காலையில் பாமா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பதைப் பார்த்துக் கரண்டியைப் போட்டுவிட்டு வந்தாள்.

"கண்ணுல ரத்தமே இல்லடி உனக்கு. வயித்துல புள்ளையை வெச்சுக்கிட்டு வெறும் மாத்திரையா முழுங்குறே. இன்னைக்கு பஸ்தி தவாகானாவுக்குப் போறே. ரத்தம் எடுத்துப் பாக்கச் சொல்றே. புரிஞ்சுதா?"

"ஷிப்ட் இருக்கு அக்கா."

"ஷிப்ட் மத்தியானம். தவாகானா காலையில. டேய் வாசு, ஆட்டோவை எடு. ஊரான் பொண்டாட்டியை எல்லாம் ஏத்திக்கிட்டுப் போறியே, ஒருநாள் உன் பொண்டாட்டியை ஏத்து."

"ஹவ், சரி அக்கா, ஏத்துறேன். அதுக்கு ஏன் ஊரான் பொண்டாட்டியை இழுக்குறே?" என்று வாசு சட்டையை மாட்டினான்.

தவாகானா என்ற அந்தக் குடியிருப்பு மருத்துவமனையில் கூட்டம் தெருவரைக்கும் நின்றது. வாசு ஆட்டோவைத் தள்ளி நிறுத்திவிட்டு அதிலேயே உட்கார்ந்திருந்தான். பாமாவுக்குப் பின்னால் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு நின்றாள். குழந்தையின் வயிறு மட்டும் உப்பி, கை கால் குச்சியாக இருந்தது. வாசற்படி ஓரத்தில் ஒரு குழாய். உள்ளே நுழையும் இடத்தில் நர்ஸ் ஒருத்தி, கையில் அதே மாதிரிக் கருவி.

வரிசை நகர்ந்தது. பாமா எந்த யோசனையும் இல்லாமல் குழாயைத் திறந்தாள். முகத்தைக் கழுவினாள். ஈரக் கையை நெற்றியில் இன்னொரு முறை தேய்த்துக்கொண்டாள். முந்தானையால் துடைக்கவில்லை, துடைக்கக் கூடாது என்பது பழக்கம். நர்ஸ் கருவியை நீட்டினாள். பச்சை எரிந்தது. பாமாவுக்கு மூச்சு இலகுவாக வந்தது.

டாக்டர் ஸ்ரேயா சின்னப் பெண். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காதவள் போல உதடு காய்ந்திருந்தது. பாமாவின் கண் இமையை இழுத்துப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள், வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். இந்தியில் கேட்டாள்: "காய்ச்சல் உண்டா?"

"இல்ல மேடம்."

"குளிர், நடுக்கம்?"

"இல்ல மேடம். நார்மல் மேடம்."

இத்தனை நாளாக வாயிலில் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிப்போன பதில். கேள்வி முடிவதற்குள் அது தானாக வெளியே வந்து விழுந்தது. டாக்டர் சீட்டில் எழுதினாள். ரத்தம் குறைவு. கீரை, பேரீச்சம்பழம், இரும்புச் சத்து மாத்திரை. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கலாம், அடுத்த வாரம் வந்து காட்டு. அடுத்து இடுப்புக் குழந்தைக்காரி.

ஆட்டோவில் பாதி வழி வந்த பிறகுதான் பாமாவுக்கு அது உறைத்தது.

"டாக்டர் என்ன சொன்னாங்க?" என்றாள் மங்களம்.

"ரத்தம் கம்மியாம். மாத்திரை குடுத்தாங்க."

"காய்ச்சலுக்கு?"

"காய்ச்சல் இல்லையாம்."

"யாரு சொன்னது?"

பாமா கதவோரமாகத் தரையில் உட்கார்ந்தாள். "நான்தான் சொன்னேன்."

வாசுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முகம் வேற கழுவிக்கிட்டா அக்கா. நான் ஆட்டோவுல இருந்து பாத்தேன். என்னமோ ஃபோட்டோ எடுக்கப் போற மாதிரி..." மங்களத்தின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"திரும்பப் போ," என்றாள் மங்களம். "இப்பவே போ. பொய் சொல்லிட்டேன், காய்ச்சல் இருக்குன்னு சொல்லு."

"டோக்கன் முடிஞ்சுபோச்சு அக்கா. திட்டுவாங்க."

"திட்டினா திட்டட்டும். எதுக்கு வெக்கம்?"

"ஷிப்டுக்கு நேரமாச்சு," என்றாள் பாமா. "நாளைக்குப் போறேன்."

மறுநாள் உடம்பு லேசாக இருந்தது. முறைப்படி காய்ச்சல் வராத நாள். பாமா இரண்டு இட்லி அதிகமாகச் சாப்பிட்டாள். வயிற்றில் பிள்ளை புரண்டது, மங்களத்தின் கையை இழுத்து வைத்துக் காட்டினாள். இரும்புச் சத்து மாத்திரை வேலை செய்கிறது என்று முடிவாயிற்று. நல்ல உடம்போடு டாக்டரிடம் போய் எனக்குக் காய்ச்சல் என்று எப்படிச் சொல்வது? வாசு சவாரிக்குப் போய்விட்டான்.

அதற்கு அடுத்த நாள் ஆலையில் விழா. வெளியூரிலிருந்து ஒரு குழு வந்து பலகையைப் பார்த்துப் பாராட்டுவதாக ஏற்பாடு. சீதாராமன் கோட்டுப் போட்டிருந்தார். வாயிலில் கோலம், சாமந்தித் தோரணம். பெண்கள் வழக்கம்போல முகம் கழுவிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பாமாவின் நெற்றியில் மோர் பாக்கெட் இருந்தது. முன்னால் போனதும் எடுத்தாள். கருவி பச்சை காட்டியது. யாதகிரி "நார்மல்" என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் அவன் காலடியில் விழுந்தாள்.

சுஷ்மா போட்ட சத்தத்தில் சீதாராமன் ஓடி வந்தார்.

"கேட்டுக்கு உள்ளேயா, வெளியிலயா?" என்றார் முதலில்.

"வெளியில சார்," என்றான் யாதகிரி.

"நல்லவேளை. அதாவது, உள்ளே மெஷின்கிட்ட விழாம இருந்தாளே." குனிந்து பார்த்தவர் முகம் மாறியது. பாமாவின் அங்கி கீழ்ப்பக்கம் நனைந்திருந்தது. "அடடா, கர்ப்பிணியா? யாருமே சொல்லலையே! என் காரைக் கொண்டு வாங்கோ. சீக்கிரம்!"

அது அவருடைய சொந்தக் கார். பின்சீட்டில் துண்டை விரித்துவிட்டுத்தான் ஏற்றினார், என்றாலும் அவரேதான் ஓட்டினார். வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். "பயப்படாதே. ரீடிங் நார்மலாத்தான் இருக்கு. வீக்னெஸ்தான். பொம்மனாட்டிகள் நேரத்துக்குச் சாப்பிடறதில்லை." பின்சீட்டில் சுஷ்மாவின் மடியில் பாமா பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். வலி எடுத்திருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் யாரும் நெற்றியைப் பார்க்கவில்லை, விரலைக் குத்தினார்கள். வாசுவும் மங்களமும் வந்து சேர்ந்தபோது டாக்டரம்மா வராந்தாவில் நின்றாள். தெலுங்கும் இந்தியும் கலந்து பேசினாள்.

"மலேரியா. எத்தனை வாரமா காய்ச்சல்?"

"விட்டு விட்டு வரும் மேடம்," என்றான் வாசு.

"மலேரியா அப்படித்தான் வரும். இந்த நேரத்துல வந்தா கிருமி நஞ்சுக்கொடியில போய் உக்காந்துடும். தாய்க்கு ரத்தம் வத்திப்போகும். பிள்ளைக்கும் ஒண்ணும் போய்ச் சேராது. முன்னாடியே ரத்தம் பாத்திருந்தா இதுக்கு மாத்திரை இருக்கு. கர்ப்பத்துலயும் குடுக்கலாம். யார்கிட்டயும் காட்டலையா?"

மங்களம் முன்னால் வந்து, "காட்டினோம் மேடம்," என்றாள். "காய்ச்சல் இல்லைன்னு வந்துச்சு."

பெண் குழந்தை. தராசில் ஒரு கிலோகூட நிற்கவில்லை. கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் குழாய் சொருகினார்கள். நெஞ்சுக்கூடு நாலு விரல் அகலம். மேலே தோல் ஒட்டாமல் சுருங்கிக் கிடந்தது. பாமாவுக்குக் கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. அவளால் தலையைத் தூக்க முடியவில்லை.

"அழுதுச்சா?" என்றாள்.

"அழுதுச்சு," என்றான் வாசு. அவன் கண்ணாடிச் சுவருக்கு வெளியேதான் நின்றிருந்தான். அவனுக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை.

"யாரு ஜாடை?"

"இப்பவே என்னத்தைச் சொல்றது? மூக்கு உன்னுது. கோபம் எங்க அக்காவுது, கையை மடக்கியே வெச்சிருக்கு."

பாமா சிரித்தாள். தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கொதித்தது. நர்ஸைத் தானாகவே கூப்பிட்டுச் சொன்னாள்: "சிஸ்டர், எனக்குக் காய்ச்சல் இருக்கு. நிஜமாவே இருக்கு."

"தெரியும்மா," என்றாள் நர்ஸ்.

மறுநாள் காலையில் குழந்தை இறந்துபோனது. வாசு அதைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டான். ஆட்டோ ஓட்டும் நண்பன் பத்ரி கூட வந்தான். பத்ரி வண்டியை ஓட்ட, வாசு பின்சீட்டில் சவாரிக்காரன் மாதிரி மடியில் பொட்டலத்தோடு உட்கார்ந்து முதல்முறையாகத் தன் ஆட்டோவில் போனான். மங்களம் துணைக்குச் சுஷ்மாவைப் பாமாவிடம் விட்டுவிட்டு வீட்டைப் பார்க்க வந்தாள். இடுகாட்டிலிருந்து வருகிறவர்கள் குளித்துவிட்டு நுழைவதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

சந்துக்குள் நுழைய முடியவில்லை. வெள்ளைப் புகை சுவருக்குச் சுவர் அடைத்து நின்றது. புகைக்குள்ளிருந்து மூக்கில் கைக்குட்டையோடு சீதாராமன் வெளிப்பட்டார். ஆலைக்கு வழக்கமாக மருந்தடிக்க வரும் கம்பெனியின் ஆட்கள் நீலச் சட்டையில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் பேனர் ஒன்றைப் பிடித்திருந்தார்கள், மூன்றாமவன் படம் எடுத்தான். தொழிலாளர் நலனில் நிர்வாகத்தின் அக்கறை பற்றி அதில் எழுதியிருந்தது.

"வாங்கோம்மா," என்றார் சீதாராமன். கண் கலங்கியிருந்தது. புகையால் மட்டும் அல்ல. "கேள்விப்பட்டேன். மனசு கேக்கலை. மேனேஜ்மென்ட்கிட்ட சண்டை போட்டு இவாளைக் கூட்டிண்டு வந்தேன். மலேரியான்னா எங்கேயோ பக்கத்துல கொசு இருந்தாகணும். இன்னிக்கு அதோட பூண்டையே அத்துடலாம்."

"கெடைச்சுதா சார்?" என்றாள் மங்களம்.

"என்ன?"

"கொசு."

"புழு ஒண்ணும் கண்ணுல படலை. ஆனா சான்ஸ் எடுக்கப்படாது. தேங்கின தண்ணி எதையும் விட்டுவைக்காதேன்னுட்டேன். உங்க வீடு மட்டுமில்லே, சந்து முழுக்க முடிச்சாச்சு."

மங்களம் அவரைத் தாண்டி வீட்டுப் பக்கம் போனாள். வாசற்பக்கத்தில் நீல டிரம் கவிழ்ந்து கிடந்தது. அதன் பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் குடங்கள், குளியல் வாளி, சோறு வடிக்கத் தண்ணீர் பிடித்து வைக்கும் பித்தளை அண்டா, எல்லாம் வாய் குப்புற வரிசையாக இருந்தன. எதிர்வீட்டிலும் அப்படியே. அதற்கடுத்த வீட்டுக்காரி காலி வாளியைக் கையில் பிடித்தபடி நின்று தெலுங்கில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். சந்தின் நடுச் சாக்கடையில் தெளிந்த தண்ணீர் சலசலவென்று ஓடியது.

"சார், குளிக்கறதுக்காவது..." என்று மங்களம் ஆரம்பித்தாள்.

"பரவாயில்லேம்மா, எனக்கு எதுக்கு நன்றியெல்லாம்?" என்றார் சீதாராமன். படம் எடுப்பவனைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் காருக்குப் போனார்.

புகை கலைந்துகொண்டிருந்தபோது வாசுவும் பத்ரியும் வந்தார்கள். வாசுவின் முழங்கை வரைக்கும் மண் காய்ந்திருந்தது. வாசற்படிக்கு வெளியே நின்றான், உள்ளே வரவில்லை.

"அக்கா, தண்ணி ஊத்து," என்றான்.

மங்களம் டிரம்மை நிமிர்த்தினாள். உள்ளே கைவிட்டுத் துழாவினாள். அண்டாவைத் திருப்பிப் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரி தன் சொம்பைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"ஒரு செம்பு போதும் அக்கா. தலையில தெளிச்சுக்கிட்டு உள்ள வந்துடுறேன்."

லாலாகுடாவின் அந்தப் பக்கத்துக்குக் குழாயில் தண்ணீர் மறுநாள் காலையில்தான் வரும்.